பட்டறைக்கு வந்தப்ப

முதல் வரைவை முடித்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். என் நாவலில் வரும் பெண் ஏழு முறை கதவுக்குப் பின்னால் நின்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்கிறாள். இரண்டு முறை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒளிந்து கேட்கிறாள். ஒரு முறை தூங்குவதுபோல் போர்வைக்குள் படுத்துக்கொண்டு கேட்கிறாள். மொத்தம் பத்து. கதை முழுவதையும் அவள் கண் வழியாகவே சொல்லவேண்டும் என்பது நானே போட்டுக்கொண்ட விதி. அவள் இல்லாத இடத்தில் நடப்பதை வாசகரிடம் கொண்டுசேர்க்க வேறு வழி தெரியாமல், 312 பக்கத்தில் அவளைக் கதவு கதவாக நிறுத்திவைத்திருக்கிறேன்.

நாவலை ஒருவர் பார்வையில் சொல்வதா, பலர் பார்வையில் சொல்வதா என்ற கேள்வியோடு மூன்று வருடம் கிடந்தேன். இப்போது அந்தக் கேள்வியிலிருந்து வெளியே வந்துவிட்டேன். வந்த வழியை எழுதிவைக்கத் தோன்றுகிறது.

கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. எண்பதுகளின் நடுப்பகுதி. வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. நடுவில் கூடம், பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் தொட்டியும் கிணறும். அப்பா கூலிக்கு வேலை எடுக்கிறவர். வியாபாரி கட்டி வெள்ளியைக் கொடுப்பார், அதை உருக்கி, கம்பியாக இழுத்து, வளையம் கோத்து, பொடி வைத்து ஊதி, சலங்கை கட்டி, பாலிஷ் போட்டுக் கொலுசாகத் திருப்பித் தரவேண்டும். பேசிய சேதாரம் போக எடைக்கு எடை நிற்கவேண்டும். ஒரு நாள் சாயங்காலம் 180 கிராம் குறைகிறது. பட்டறையில் வேலை பார்த்த பையன்மேல் பழி விழுகிறது. அவன் அன்று இரவே போய்விடுகிறான். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறான். கதையில் நடப்பது இவ்வளவுதான்.

அந்தப் 180 கிராமைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தெரியும். அப்பா அந்த வாரம் வியாபாரி கடையில் எடையைத் தன் கண்ணால் பார்க்காமல் கட்டியை வாங்கி வந்துவிட்டார். பையன் ஒரு ஜோடிக்குப் பற்றவைப்பு சரியாக நிற்காததால், யாரிடமும் சொல்லாமல் அதை மறுபடி உருக்கினான், அதில் கொஞ்சம் போயிற்று. அம்மா தினமும் பட்டறையைக் கூட்டுகிறவள். அந்தக் குப்பையில் வெள்ளித்தூள் இருக்கும். அதை ஒரு டப்பாவில் சேர்த்து, குப்பையை அலசி வெள்ளி எடுப்பவரிடம் விற்றுவந்தாள், எட்டு வருடமாக. மகளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அந்தப் பையன் வீட்டைவிட்டுப் போன ராத்திரி வெறும் கையோடு போனான். செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனான். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பத்து ஒட்டுக்கேட்டலைப் பார்த்து மனம் நொந்துபோய், இரண்டாவது வரைவை நான்கு பேர் பார்வையில் எழுதினேன். மகள், பையன், அம்மா, அப்பா. மறுபடி மகள், பையன், அம்மா, அப்பா. எழுதும்போது அவ்வளவு சுகமாக இருந்தது. அவள் போகமுடியாத இடத்துக்கெல்லாம் கதை போயிற்று. வியாபாரியின் கடைக்குள் போனேன், உருக்கு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும் என்று படித்திருந்தேன், அந்தப் பையன் முகத்தில் அந்த அனல் எப்படி அடித்திருக்கும் என்று முதல் முறையாக எழுதிப்பார்த்தேன். பகலில் நூல் கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. அதனால் இன்னொரு சுகமும் கிடைத்தது. எடையில் 70, உருக்கில் 60, குப்பையில் 50. கூட்டினால் 180. கடைசிப் பக்கத்தில் கணக்கு நேராக நின்றது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். நான் எழுதியதை எல்லாம் முதலில் படிப்பவர் அவர். பென்சிலோடுதான் படிப்பார், பேனா எடுக்கமாட்டார். இரண்டாவது வரைவைப் படித்து முடித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். தட்டுவடை செட் வாங்கிவைத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை நாவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

“கண்ணு, கணக்கு சரியா வந்துடுச்சு. இனி அந்தப் பையனை நான் எதுக்கு நெனச்சுக்கிட்டு இருக்கணும்?”

பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்னது சரி என்பது மெதுவாகத்தான் புரிந்தது. முதல் வரைவில், மகளுக்குத் தெரிந்த அந்த ஒற்றைத் துண்டு அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. முப்பது வருடம் கழித்தும் அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். வாசகருக்கும் அவ்வளவுதான் தெரியும், அதனால் அவரும் கூடவே தொட்டுப் பார்ப்பார். நான்கு பேரையும் பேசவைத்தபோது எல்லாத் துண்டையும் நான் வாசகர் கையில் கொடுத்துவிட்டேன். கதையில் இருக்கும் நான்கு பேரும் தெரியாமல் தவிக்கிறார்கள், வாசகர் மட்டும் எல்லாம் தெரிந்து வசதியாக உட்கார்ந்திருக்கிறார். சில கதைகளுக்கு அந்த வசதிதான் உயிர், வாசகருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதில் பிறக்கும் வேதனை அது. என் கதைக்கு அது உதவவில்லை. என் கதையில் வலி, தெரியாமல் வாழ்ந்து முடிப்பதில்தான் இருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. ஏற்காடு போகும்போதுதான் அது எனக்குப் பிடிபட்டது. அடிவாரம் தாண்டி மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். இந்த வளைவில் இடது பக்க ஜன்னலுக்குக் கிடைத்த சேலம், அடுத்த வளைவில் வலது பக்கத்துக்குப் போய்விடும். நாலைந்து வளைவுக்குப் பிறகு பஸ்ஸில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, நம் பக்கம் அடுத்து வந்துவிடும் என்று தெரியும். என் நாலு பேர் வரிசை அப்படித்தான் இருந்தது. மகளுக்குப் பிறகு பையன், பையனுக்குப் பிறகு அம்மா. யாருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று பார்க்காமல், முறை வந்துவிட்டது என்பதற்காகவே அப்பாவுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்திருந்தேன். அந்த அத்தியாயங்களில் அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு பழைய நினைவுகளில் இருப்பார். அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறொன்றும் இல்லை.

பல குரலில் எழுதுகிறவர்கள் பங்கைச் சமமாகப் பிரிக்கவேண்டியதில்லை. வில்லியம் ஃபாக்னர் 1930-இல் வெளியிட்ட ஒரு நாவலில், இறந்த தாயின் உடலை எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் போகிறது. 15 பேர் பேசுகிறார்கள், மொத்தம் 59 பகுதி. அதில் ஒரு மகனுக்கு மட்டும் 19. எல்லாரும் யாரைச் சுமந்துகொண்டு போகிறார்களோ அந்தத் தாய்க்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்று இரண்டாகியிருந்தால் அதன் கனம் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, தமிழில் எழுதும்போது மட்டும் வரும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

நம் மொழியில் ஓர் ஆள் அறைக்குள் நுழைந்தான் என்று எழுதுவதற்கு முன்பே, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று முடிவுசெய்துவிட வேண்டும். ‘நுழைந்தான்’ என்றால் ஒருவர் பார்க்கிறார், ‘நுழைந்தார்’ என்றால் வேறொருவர். படர்க்கையில்தானே சொல்கிறேன், நான் யார் பக்கமும் இல்லை என்று எழுத்தாளர் சொல்லிக்கொள்ள முடியாது. வினைமுற்றின் கடைசி எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். என் பட்டறைப் பையனுக்குப் பதினாறு வயது. அப்பா பார்வையில் எழுதும்போது அவன் ‘வந்தான்’. அம்மா பார்வையிலும் ‘வந்தான்’, ஆனால் அவள் அவனுக்குச் சோறு போடும் இடத்தில் ‘வந்தான்’ என்பதில் வேறொரு ஈரம் இருக்கவேண்டும். மகளுக்கு அவன் அண்ணன். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் ‘அண்ணன் வந்தான்’ என்று சொல்வதில்லை, ‘வந்தார்’ என்றும் சொல்வதில்லை. ‘அண்ணன் வந்துச்சு’ என்பார்கள். அப்பாவும் வந்துச்சுதான், அக்காவும் வந்துச்சுதான். மரியாதையும் பாசமும் கலந்த ஒரு இடம் அது. எழுத்து இலக்கணத்தில் அதற்கு இடமில்லை. நான் மகளின் அத்தியாயங்களில் அதை அப்படியே விட்டுவிட்டேன். ஒரே வினை, மூன்று பார்வை. தலைப்பில் பெயர் போடாமலேயே யார் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

முறைப்பெயரும் அப்படித்தான். ஒரே மனிதர் மகளுக்கு ‘அப்பா’, பையனுக்கு ‘மொதலாளி’, அம்மாவுக்கு வெறும் ‘அவங்க’. அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். அதனால் அம்மாவின் அத்தியாயத்தில் அவர் பெயர் ஓர் இடத்திலும் வரக்கூடாது. இரண்டாவது வரைவில் நான்கு இடத்தில் வந்திருந்தது. டீச்சரம்மா நான்கையும் வட்டமிட்டிருந்தார். அவை வெறும் கவனக்குறைவு இல்லை. அந்த நான்கு இடத்திலும் அம்மா பேசவில்லை, நான்தான் அவளுக்குள் புகுந்து பேசியிருக்கிறேன். பல பார்வையில் எழுதுகிற யாரும் இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாம்: அத்தியாயத் தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் படியுங்கள். யாருடையது என்று தெரியாவிட்டால் அங்கே இருப்பது ஒரே பார்வைதான், உங்களுடையது.

‘நாம்’, ‘நாங்கள்’ என்று நம்மிடம் இரண்டு இருப்பதும் பெரிய வரம். பையன் தன் கதையைச் சொல்லும்போது ‘நாங்க’ என்பான். அது பட்டறையில் வேலை பார்ப்பவர்களை மட்டும் குறிக்கும். மொதலாளி அவனிடம் பேசும்போது ‘நாம எல்லாம் ஒரே குடும்பம்டா’ என்பார். ஒரே ஓர் இடத்தில், ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது, அவன் ‘நாம அன்னைக்கு வண்டி வேடிக்கை பார்க்கப் போனோம்’ என்கிறான். அந்த வீட்டோடு தன்னைச் சேர்த்துக்கொண்டு அவன் சொல்லும் ஒரே வாக்கியம் அது. அதற்குப் பிறகு முழுக்க ‘அவங்க’தான். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு எழுத்து மாற்றத்தில் சொல்லமுடிகிற மொழியில் எழுதுகிறோம் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதை டீச்சரம்மாவிடம் சொன்னபோது அவர் தொல்காப்பியத்துக்குப் போய்விட்டார். வருதல், தருதல் என்ற சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதல், கொடுத்தல் என்பவை படர்க்கைக்கு உரியவை என்று அதில் கிளவியாக்கம் என்ற இயலில் இருக்கிறது. ‘என்னிடம் வந்தான்’, ‘அவனிடம் சென்றான்’. நிற்கும் இடத்தை வைத்துத்தான் வினை. ‘பட்டறைக்குள் வந்தான்’ என்று எழுதினால் நான் பட்டறைக்குள் இருக்கிறேன், ‘பட்டறைக்குள் போனான்’ என்று எழுதினால் தெருவில் நிற்கிறேன். பார்வைக்கோணம் என்று நாம் புதிதாகப் பேசிக்கொண்டிருப்பதில் பாதி அந்த இரண்டு வரியில் இருக்கிறது.

அவர் அதோடு விடவில்லை. அகப்பாடல்களில் யார் யார் பேசலாம் என்ற கணக்கையும் எடுத்துக்காட்டினார். தொல்காப்பியத்திலேயே செய்யுளியலில் வருகிறது. களவில், அதாவது காதல் ஊருக்குத் தெரியாமல் இருக்கும்போது, பேச உரியவர் ஆறு பேர்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. கற்பில், அதாவது மணத்துக்குப் பிறகு, பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்று இன்னும் ஆறு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். நான் இதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றுதான் எனக்கு உறைத்தது. ரகசியம் ரகசியமாக இருக்கும்வரை குரல்கள் குறைவு. வெளியே வந்த பிறகு குரல்கள் பெருகுகின்றன. என் கதையில் ரகசியம் கடைசிவரை வெளியே வரவே இல்லையே!

அதற்கு அடுத்த நூற்பா இன்னும் முக்கியம். ஊர், அயல், சேரியோர், காதல் நோய் அறிந்தவர்கள், தந்தை, தமையன் ஆகியோருக்கு நேரான கூற்று கிடையாது. அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் எடுத்துச் சொல்லலாம், அவர்களே பாட்டில் வந்து பேசக்கூடாது. சங்கப் பாடலில் தலைவியின் தந்தை எவ்வளவு பெரிய ஆளாக இருக்கிறார்! அவர் கோபத்துக்கும் காவலுக்கும் பயந்துதான் எல்லாமே நடக்கிறது. ஆனால் அவர் குரல் நமக்கு நேராகக் கேட்பதே இல்லை. கேட்காததால்தான் அவ்வளவு பெரியவராக இருக்கிறார்.

மறுநாளே அப்பாவின் அத்தியாயங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு நாவலில் அவர் இருமினால்கூடப் பயமாக இருந்தது.

அம்மாவுடையதை எடுப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. 62 பக்கம். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவைதான் என்று இன்றும் நம்புகிறேன். அடுப்புச் சாம்பலையும் பட்டறைக் குப்பையையும் அவள் தனித்தனியாகக் கூட்டிவைக்கும் இடம் ஒன்று இருந்தது. அதை எழுதி முடித்த ராத்திரி நான் அழுதேன். அதனாலேயே நாலு மாதம் அதைத் தொடவில்லை.

கடைசியில் எடுத்தேன். ஒரு பாத்திரத்தின் மனதுக்குள் நம்மை அழைத்துப்போய்விட்டு, அவள் மனதில் இருக்கும் மிகப் பெரிய விஷயத்தை மட்டும் நம்மிடமிருந்து மறைத்தால் அது வஞ்சனை. அம்மா அந்த டப்பாவை நினைக்காமல் ஒரு நாள்கூட இருந்திருக்கமாட்டாள். எனவே அவள் மனதுக்குள் போனால் முதல் பக்கத்திலேயே டப்பாவைச் சொல்லவேண்டும். முதல் பக்கத்தில் சொன்னால் அவள் எட்டு வருடம் காத்த மௌனம் வாசகருக்குப் போய்ச்சேராது. அவள் குணமே அந்த மௌனம்தான். மௌனமாக இருக்கும் ஒருத்தியை அவளுக்குள் இருந்து எழுதினால் அவள் பேசுகிறவளாகிவிடுகிறாள். இப்போது நாவலில் அந்த 62 பக்கத்துக்குப் பதிலாக மூன்று வரி இருக்கிறது. அம்மா இறந்த பிறகு மகள் வீட்டைக் காலி செய்யும்போது, அரிசி மூட்டை வைக்கும் பலகைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைக்கிறது. காலி டப்பா. ஓரத்தில் கறுப்பாகத் தூள் ஒட்டியிருக்கிறது. மகள் அதைக் கழுவி வெயிலில் வைக்கிறாள். அவ்வளவுதான். வாசகர் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும்.

இப்படி எடுத்து எடுத்து மகள் மட்டும் மிஞ்சினாள். ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேனா என்று பயமாக இருந்தது. மறுபடியும் பத்துக் கதவு. அந்தப் பத்தும் எங்கெங்கே வருகின்றன என்று முதல் வரைவைப் பிரித்துவைத்துப் பார்த்தேன். முதல் தடவை எண்ணியபோதே இதைப் பார்த்திருக்க வேண்டும், தோன்றவில்லை. பத்தும் 140-ஆம் பக்கத்துக்குப் பின்னால் இருந்தன. அதற்கு முன்னால் ஒன்றுகூட இல்லை.

140-ஆம் பக்கத்தில் அவள் வயதுக்கு வருகிறாள். தாய்மாமன் சீர் முடிந்து பதினாறாம் நாள் அவள் பழையபடி பட்டறைக்குள் ஓடுகிறாள். அப்பா தலையைத் தூக்காமல், “உள்ளே போ” என்கிறார். அன்றிலிருந்து பட்டறை அவளுக்கு இல்லை. அதுவரை அந்த வீட்டில் எல்லா அறைக்கும் போகமுடிந்த ஒரே ஆள் அவள்தான். ஊதுகுழல் பக்கத்தில் உட்கார்ந்து சலங்கை எண்ணிக் கொடுத்தவள். அதனால் அவள் ஒருத்தி கண்ணே போதுமானதாக இருந்தது. கதவு சாத்தப்பட்ட பிறகும் அவளை வைத்தே பட்டறையைக் காட்டவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால்தான் அவள் ஒட்டுக்கேட்கிறவளாகிவிட்டாள்.

எத்தனை பார்வை வேண்டும் என்பதற்கு அந்த வீட்டின் வரைபடமே பதில் வைத்திருந்தது. நம் ஊர் வீடுகளில் யார் எந்த அறைவரை போகலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. சாதி, வயது, ஆணா பெண்ணா, கூலிக்காரனா சொந்தமா என்று பார்த்துத்தான் வாசற்படி விடும். பட்டறைப் பையன் இரண்டு வருடம் அந்த வீட்டில் வேலை பார்த்தும் கூடத்தைத் தாண்டியதில்லை, அடுப்படி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. சோறு ஜன்னல் வழியாகத்தான் வரும். மகளுக்குப் பட்டறை சாத்தப்பட்டது, பையனுக்கு அடுப்படி எப்போதுமே சாத்தித்தான் இருந்தது. ஒருவர் நுழையமுடியாத அறையில் கதை நடக்கும்போது, அந்த அறைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் அந்த அறையில் நடந்தது நமக்கும் தெரியாமல் போகட்டும் என்று விடவேண்டும். இந்த இரண்டில் எது என்று ஒவ்வொரு அறைக்கும் முடிவுசெய்வதுதான் வேலை. அடுப்படியைத் தெரியாமல் விட்டேன். பட்டறைக்கு ஆள் வைத்தேன்.

ஆக மூன்றாவது வரைவில் முதல் 140 பக்கம் மகள் மட்டும். கதவு சாத்தியதற்கு அடுத்த பக்கத்தில், முதல் முறையாக, பையனின் குரல். முன்னறிவிப்பு இல்லை, தலைப்பில் பெயரும் இல்லை. நடுவில் இப்படி ஒரு புதுக் குரல் வந்தால் வாசகர் தடுமாறமாட்டாரா என்று சிலர் கேட்டார்கள். கொஞ்சம் தடுமாறட்டும். அவளுக்கும் அன்று அப்படித்தானே இருந்தது.

அவனை ‘அவன்’ என்று எழுதுவதா, ‘நான்’ என்று பேசவிடுவதா என்பதில் மட்டும் திண்டாடினேன். அவன் கதையைச் சொல்லும்போது ஐம்பதைத் தொட்டவன். ‘அவன்’ என்று எழுதினால் மொதலாளி பார்த்த பார்வை ஒட்டிக்கொள்கிறது. ‘அவர்’ என்று எழுதினால் பதினாறு வயசுப் பையன் காணாமல்போகிறான். அசோகமித்திரன் 1977-இல் வந்த ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் ஒரே இளைஞனைத் தன்மையிலும் படர்க்கையிலும் மாற்றி மாற்றிச் சொல்லியிருப்பார். அதுபோல் இரண்டு பக்கம் முயன்றேன். என் கைக்கு அது வரவில்லை. ‘நான்’ என்றே விட்டுவிட்டேன்.

அவன் பகுதியை எழுத நாலைந்து முறை மலைக்குப் போய்வந்தேன். ஏற்காட்டுக் காப்பியைப் பற்றி நான் படித்தவை பெரும்பாலும், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த கதையோடுதான் தொடங்கின. பழம் பறித்த கைகளைப் பற்றி அவற்றில் ஒரு வரி இல்லை. எனவே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நவம்பரிலிருந்து பழம் பறிப்பு. சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிக்கு ஏணி போடுவது. காலையில் களத்தில் காயப்போட்ட காப்பிமேல் பனி இறங்கியிருக்கும். வெள்ளிப் பட்டறை அனலில் வெந்த கை அந்தக் குளிரில் முதல் வருடம் வெடித்துப் பிளந்திருக்கும் என்று நானே எழுதிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ஏற்காட்டில், லேடீஸ் சீட் என்று சொல்லும் மலைமுனையில் உட்கார்ந்திருந்தேன். இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்கு. செவ்வாய்ப்பேட்டை எந்தப் பக்கம் என்று தேடினேன். மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளின் வெளிச்சத்தை வைத்து, அஸ்தம்பட்டி இங்கே என்றால் டவுன் அங்கே என்று மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. எல்லாம் ஒரே விளக்குக் கும்பல். கீழே எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மலை அப்படியே தெரியும். மழைக்காலத்தில் மேகம் இறங்குவதும், ராத்திரியில் வளைவு வளைவாக வண்டி வெளிச்சம் ஏறுவதும்கூடத் தெரியும். கீழே இருக்கும் அவள் தினமும் அவன் இருக்கும் இடத்தைப் பார்க்கிறாள், அவன் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. மேலே இருக்கும் அவனுக்கு அவள் ஊரில் இருப்பது தெரியும், அந்த வீடு எந்த வெளிச்சம் என்று தெரியாது. இரண்டு பார்வையும் நாவலில் ஓரிடத்திலும் சந்திக்கவேண்டாம் என்று அங்கேதான் முடிவெடுத்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டீக்கடைக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

மூன்றாவது வரைவை டீச்சரம்மா பதினைந்து நாள் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது பென்சில் குறிகள் குறைவாகத்தான் இருந்தன. 141-ஆம் பக்கம், பையன் பேசும் முதல் வாக்கியம்: “பட்டறைக்கு வந்தப்ப எனக்குப் பதினாறு வயசு.” ஐம்பது வயதில், 1,500 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறான். இலக்கணப்படி அவன் ‘போனப்ப’ என்றுதான் சொல்லவேண்டும். நான் யோசித்து எழுதியது இல்லை, கை அப்படி எழுதிவிட்டது.

‘வந்தப்ப’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் ‘போனப்ப?’ என்று எழுதியிருந்தார். பிறகு ரப்பர் வைத்து இரண்டையும் அழித்திருந்தார். காகிதத்தில் அழுத்திய தடம் மட்டும் இருந்தது.